கோழி நம்முடையது, கொள்ளை ஊருடையது

ஓய்வு பெற்றோர் பலர் கோழி வளர்ப்பில் மீண்டும் நாட்டங்கொண்டு வருவதை அண்மைக் காலமாகக் காண்கிறோம். கண் மங்கி அறுந்த இழை புலப்படாமற் போனமையால் தறியினின்றும் இறங்கிய நெசவாளர், முழங்கால் வலியால் நிலத்தை மகனிடம் ஒப்படைத்த விவசாயி, பட்டணத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டு உழைத்துவிட்டுப் பிறந்த ஊர் திரும்பியவர் ஆகிய யாவருக்கும் ஒரே எண்ணம் உதிக்கிறது: "புறக்கடையில் நாலு கோழி விட்டால் என்ன?"

இவ்வெண்ணம் நல்லதே. இவர்களுள் பெரும்பாலோர் புதியவரும் அல்லர். இளமையில் தாயார் மாலைதோறும் கோழிகளை அழைத்துக் கூடையால் கவிழ்த்து மூடியதைக் கண்டு வளர்ந்தவர்கள். இடையிலே பிழைப்பின் பொருட்டு விட்டதை முதுமையில் மீண்டும் கைக்கொள்ளுகிறார்கள். ஆனால் இளமையில் கண்டவற்றுள் ஒன்றை மட்டும் பலர் மறந்துவிட்டனர். நெசவாளர் தெருவில் பாவு விரிக்கும் வைகறையில் எவரும் கோழியைத் திறந்துவிடார். கஞ்சி தோய்ந்த பாவின்மேல் ஒரு கோழி ஏறிக் கொத்தினாலும் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்புப் பாழாகும். ஆகவே, பாவு எடுக்கும்வரை எல்லார் வீட்டுக் கோழியும் கூடைக்குள்ளேதான். கோழி ஒருவருடையதே ஆயினும் அதனை நடத்தும் முறை தெருவுக்குப் பொது என்பதை அந்நாளைய தெரு அறிந்திருந்தது.

கோழியைத் தனித்தனியே வளர்க்கலாம். காப்பது கூடியே இயலும். இதனை நம் அங்கத்தினர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை கோழி?

முதலில் அளவைப்பற்றிச் சில சொற்கள். 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 12 கோடியைக் கொண்டு தமிழ்நாடு முதலிடம் பெற்றது. இப்பெருக்கத்திற்கு நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள பெரும்பண்ணைகளே முதற்காரணம். அங்கே கூண்டில் வளரும் முட்டைக்கோழி ஓராண்டில் 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நம் புறக்கடையில் மேயும் நாட்டுக்கோழியோ, இட்டும் அடைகாத்தும் குஞ்சு வளர்த்தும், 60 முதல் 80 முட்டையே இடும். அதனோடு இது போட்டியிட இயலாது, இடவும் வேண்டுவதில்லை.

பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கும் முதிய தம்பதியரை எடுத்துக்கொள்வோம். பெட்டைக்கு 70 முட்டை வீதம் ஆண்டுக்கு 700 முட்டை. நாளொன்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, இருவருக்கும் ஆளுக்கு ஒரு முட்டை. நாற்பது கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டையில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் உண்டு. பல் குறைந்து, பசி குறைந்து, சோறும் மோருமாக நாளைக் கழிக்கும் முதியோர்க்கு இது சிறிய நன்மையன்று. இவற்றுள் ஒரு பகுதியை அடைவைத்தால் பண்டிகைச் செலவுக்குச் சில சேவல்களும் கிடைக்கும். கோழியெரு தோட்டத்துக்கு உரமாகும். ஆயின், ஈர எருவை அப்படியே இட்டால் பயிர் கருகும்; மக்கவைத்தே இடவேண்டும். இவற்றுக்குமேல் காலையில் கூண்டைத் திறக்கவும் மாலையில் எண்ணி அடைக்கவும் ஒரு கடமை இருப்பதே முதுமைக்கு ஊன்றுகோல்.

இவ்வளவே புறக்கடைக் கோழி தருவது. இதற்குமேல் தருவதாகக் கூறி எவரேனும் வந்தால் எச்சரிக்கை வேண்டும். 2012-ஆம் ஆண்டில் ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுப் பறவை வளர்ப்புத் திட்டங்கள் சரிந்து வீழ்ந்ததை நம் அங்கத்தினர் பலர் மறந்திரார். பறவை உம்முடையது, தீவனம் எம்முடையது, மாதந்தோறும் தொகை நிச்சயம் என்று சொல்லப்பட்டது. நம்பிப் பணமிட்டோர் ஆயிரக்கணக்கானோர். மாதத்தொகை நின்றது; தீவனம் நின்றது; விற்கச் சந்தையில்லாத பறவைகள் கொட்டகையில் பட்டினி கிடந்தன. பணிக்கொடை என்பது ஒருமுறை வரும் நீர். அதனைக் கோழிக் கொட்டகையில் பாய்ச்சுதல் கூடாது. ஓய்வு பெற்றவர் கோழியில் இடத்தக்க முதல், இழந்தாலும் உறக்கம் கெடாத அளவே இருத்தல் வேண்டும்.

நாம் செய்த பிழை

நிற்க. பணத்தைக் காத்துக்கொண்டாலும் கோழியைக் காத்தல் எளிதன்று என்பதை நாம் பட்டறிந்தோம். அதனை மறைப்பதற்கில்லை.

சங்கத்தில் நூற்கணக்கு எழுதும் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், வீட்டை ஒட்டிய நிலத்தில் பதின்மூன்று பெட்டையும் ஒரு சேவலும் வளர்த்தோம். முதலாண்டு யாதொரு குறையுமில்லை. கீரிக்குக் கம்பிவலை அடித்தோம். வெயில் நேரே புகாதிருக்கக் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவைத்தோம். கம்பும் குருணையும் தவிடும் இட்டோம். முட்டையோடு உறுதிப்படக் கிளிஞ்சல்தூள் வைத்தோம். குஞ்சுகளுக்காக, பழஞ்சாக்கும் சாணமும் வைக்கோலும் நனைத்துப் பானையில் அடைத்துக் கவிழ்த்துவைத்துக் கறையான் பிடித்தோம். அறியவேண்டியவற்றை எல்லாம் அறிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். தடுப்பூசி மட்டும் போடவில்லை. "பதினான்கு கோழிக்கு ஒரு குப்பி மருந்தை உடைப்பதா?" என்பதே நம் வாதம்.

இரண்டாம் ஆண்டு மாசியில் கோழிகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. சில கழுத்தைத் திருகிக்கொண்டு சுழன்றன. மூன்று நாளில் பதினொன்று மாண்டன. எஞ்சிய மூன்றும் நலமாகவே தோன்றின. நான்காம் நாள் வாரச்சந்தை. "இருப்பதையேனும் காசாக்கிவிடுங்கள்" என்றனர் அக்கம்பக்கத்தார். ஊரார் வழக்கமாகச் செய்வதையே நாமும் செய்தோம். மூன்றையும் கூடையிலிட்டுச் சந்தைக்குக் கொண்டுசென்றோம். பக்கத்தூரில் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கும் மூதாட்டியார் ஒருவர் மூன்றையும் விலை பேசி வாங்கிச் சென்றார்.

அடுத்த சந்தையில் அவர் நம்மைக் கண்டார். "தம்பி, உங்கள் கோழி மூன்றும் செத்துவிட்டன. வீட்டில் இருந்த எட்டும் போய்விட்டன. என் ராசி அப்படி" என்றார். நம்மை அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. தம் ராசியையே குறை கூறினார். அது ராசியன்று, நாம் கூடையில் சுமந்துசென்ற நோய் என்று அங்கேயே சொல்லியிருத்தல் வேண்டும். நமக்கு நா எழவில்லை. மூன்று மாதம் சென்றபின் தடுப்பு மருந்து இட்ட குஞ்சுகள் சிலவற்றை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னோம். குஞ்சுகளை ஏற்றுக்கொண்டார். "சந்தையிலேயே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேனே" என்று மட்டும் கூறினார். அதற்கு விடை நம்மிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

நோயின் இயல்பு

ஊரார் கோழிக் கொள்ளை என்றும் வெள்ளைக்கழிச்சல் என்றும் கூறும் இந்நோயை மருத்துவர் ராணிக்கெட் நோய் என்பர். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இஃது இனங்காணப்பட்டது; அடுத்து இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் அறியப்பட்டமையால் நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரே நிலைத்தது. இது நச்சுயிரியால் வருவது. கண்கண்ட மருந்து இதற்கு இல்லை. வருமுன் காப்பதே வழி. நோய்க் கிருமி உட்புகுந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் செல்லும். ஆதலால் இன்று நலமாகத் தோன்றும் கோழி நாளை விழக்கூடும். நாம் விற்ற மூன்றும் அத்தகையனவே. கோழியின் எச்சத்திலும் மூக்குநீரிலும் வெளிப்படும் நஞ்சு, கூடையிலும் சாக்கிலும் செருப்பிலும் ஒட்டி ஊர்விட்டு ஊர் செல்லும். வேலி இதற்குத் தடையாகாது.

தடுப்பு மருந்து நம் நாட்டிலேயே நெடுங்காலமாகக் கிடைக்கிறது. முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் 1940-களில் உருவாக்கப்பட்ட மருந்துவகை இன்றளவும் ஊசியாகப் பயன்பட்டு வருகிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி. இடையிலும் பின்னும் கால்நடை மருத்துவர் கூறும் நாளில் மீண்டும் ஒருமுறை. முறை இவ்வளவே. செலவும் அற்பமே.

அப்படியாயின் ஏன் போடுவதில்லை? சோம்பல் மட்டுமே காரணமன்று. மருந்துக் குப்பி ஒன்று 100 கோழிக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ உரியதாகவே வருகிறது. அதனைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்துக் கொண்டுவரல் வேண்டும். உடைத்துக் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இட்டு முடித்தல் வேண்டும்; மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தலாகாது. இலட்சம் கோழி வைத்திருக்கும் பண்ணையார்க்கு இஃது ஒரு பொருட்டன்று. பத்துக் கோழி வைத்திருக்கும் கிழவருக்கோ இதுவே மலை. மருந்து ஒருவருக்கென்று அமையவில்லை, பலருக்கென்று அமைந்துள்ளது. பலர் கூடாவிடில் அது பயன்படாது. இதைவிடச் சிறந்த கூட்டுறவுப் பாடம் வேறு என்ன வேண்டும்?

"கால்நடை பராமரிப்புத் துறையினர் கோடைக்கு முன்னர் இருவார முகாம் நடத்துகிறார்களே, சங்கம் எதற்கு?" என்று வினவுவோர் உளர். அம்முகாமை நாம் போற்றுகிறோம். ஒவ்வொருவரும் தவறாது பயன்படுத்தல் வேண்டும். ஆனால் முகாம் ஆண்டுக்கு ஒருமுறை; கோழி குஞ்சு பொரிப்பதோ ஆண்டு முழுவதும். ஆவணியில் பொரித்த குஞ்சின் ஏழாம் நாள் மாசிக்காகக் காத்திராது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் இரையோடு கொடுக்கத்தக்க குருணை மருந்தையும் உருவாக்கி உதவியுள்ளனர். அதுவும் ஊரில் ஒருவர் கேட்டு வாங்கிவந்து பலருக்கும் பகிர்ந்தால்தான் வீடுவந்து சேரும்.

பத்து வீட்டுக் குழு

ஆகவே, நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் கோழி வளர்க்கும் அங்கத்தினர் பத்துப் பத்து வீடாகச் சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொள்ள வேண்டுமென்பது நம் கருத்து. இதற்குப் பெருங்கட்டடமோ மூலதனமோ வேண்டுவதில்லை. கீழ்வரும் நான்கு உடன்பாடுகளே போதுமானவை.

முதலாவது, ஒரே வாரத்தில் அடைவைத்தல். பத்து வீட்டிலும் ஒவ்வொரு கோழிக்குப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 120. நூற்றுக்கு எண்பது பொரித்தாலும் 96 குஞ்சு. ஒரு குப்பி மருந்துக்கு இஃது ஏறத்தாழச் சரியான கணக்கு. கோழி பொரிக்க 21 நாள். பொரித்து 7 நாளில் சொட்டுமருந்து. எட்டாம் வாரம் ஊசி. யாவும் ஏழின் மடங்காகவே அமைந்துள்ளன. எந்தக் கிழமை அடைவைத்தோமோ அதே கிழமையில் குஞ்சு வெளிவரும். அதே கிழமையில் மருந்தும் இடலாம். வெள்ளிக்கிழமை என்று குறித்துக்கொண்டால் மறதிக்கு இடமில்லை. ஒரு வீட்டில் கோழி அடைக்கு வராவிடில் அவ்வீட்டு முட்டையை அடுத்த வீட்டுக் கோழிக்கு வைக்கலாம். வாரத்துக்குக் கோழி விட்டுக் குஞ்சைப் பாதி பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதன்று.

இரண்டாவது, நோய் கண்ட அன்றே சொல்லுதல். ஒரு வீட்டில் ஒரு கோழி சோர்ந்தாலும் அன்று காலையே ஒன்பது வீட்டுக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் செய்தி போகவேண்டும். இதனை மறைப்பது மானத்தைக் காப்பதாகாது. செத்த கோழியை வாய்க்காலிலும் புதரிலும் எறியாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நோய் கண்ட வீட்டிலிருந்து ஒரு கோழியும் சந்தைக்குப் போகாதிருத்தல். நான்கினுள் கடினமானது இதுவே. எஞ்சியதையேனும் காசாக்க வேண்டுமென்னும் ஆசை இயற்கை. அதனைத் தனியொருவர் வெல்வது அரிது, நாமே வெல்லவில்லை. ஆகையால் குழுவினர் சிறுதொகை சேர்த்துவைத்து, நோயால் கோழி இழந்தவருக்கு அடுத்த அடையில் வீட்டுக்கு இரண்டு குஞ்சு கொடுத்து உதவுவதென முன்னரே உறுதிசெய்து கொள்ளலாம். ஒன்பது வீட்டிலிருந்து பதினெட்டுக் குஞ்சு வருமென்று அறிந்தவர் மூன்று கோழியைக் கூடையிலிட்டுச் சந்தைக்கு ஓடார். இவ்வாறே, சந்தையில் வாங்கிவரும் கோழியை மூன்று வாரமேனும் தனியே அடைத்துவைத்துப் பார்த்த பின்னரே மந்தையில் சேர்த்தல் வேண்டும்.

நான்காவது, முறை பார்த்தல். முதியோர் கோழி வளர்ப்பைக் கைவிடுவதற்கு நோய்க்கு அடுத்த காரணம் பயணம். பேரப்பிள்ளையின் காதணி விழா, கண் அறுவை, பட்டணத்து மகன் வீட்டில் ஒரு மாதம் என ஏதேனும் வந்தால் கோழியை யாரிடம் விடுவது? விற்றுவிட்டுச் செல்கிறார்கள், திரும்பியபின் மீண்டும் தொடங்க மனம் வருவதில்லை. பத்து வீட்டில் ஒன்பது வீடு ஊரிலிருக்கும். கூண்டைத் திறக்கவும் அடைக்கவும் ஒருவர் போதும். அந்நாள்களின் முட்டை அவருக்கே என்று வைத்துக்கொண்டால் கணக்கும் நேர்.

"முதுமையில் நிம்மதியாகக் கோழி வளர்க்க வந்தால், இங்கும் குழு, உடன்பாடு, கூட்டமா?" என்று சலித்துக்கொள்வாரும் உளர். அவர்கட்கு நாம் சொல்வது இதுவே: நிம்மதி என்பது பிறர் தொடர்பற்ற தனிமையன்று. மேலும், கோழி நம் வேலியை அறியாது. அடுத்த வீட்டு நாற்றங்காலையும் மஞ்சள் பாத்தியையும் கிளறும். பக்கத்துவீட்டுக் கோழியோடு ஒரே குப்பையைச் சீய்க்கும். கோழி வைத்த அன்றே நாம் ஊரோடு ஒரு கூட்டில் சேர்ந்துவிட்டோம். அதனை அறிந்து சேர்வதா, அறியாமற் சேர்வதா என்பதே நம் கையில் உள்ளது.

நம் மாநிலத்தில் இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. 1904-ஆம் ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவுபெற்றது. கடனுக்கும் நூலுக்கும் உரத்துக்கும் கூடிய நாம், ஒரு குப்பி மருந்துக்குக் கூட இயலாதவர் அல்லேம். நிர்வாகக் குழுவினர் கிளைதோறும் ஒரு குளிர்ப்பெட்டியும், கால்நடை மருந்தகத்தோடு தொடர்புகொள்ள ஓர் அங்கத்தினரும் அமைத்துத் தருவாராக. எஞ்சியவற்றைப் பத்து வீட்டாரே செய்துகொள்வர்.

நம் வீட்டுக் கொட்டகையில் இன்று ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் உள்ளன. குழுவில் இதுவரை ஆறு வீடுகளே சேர்ந்துள்ளன. ஏழாவதாகப் பக்கத்தூரிலிருந்து அம்மூதாட்டியார் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: கோழிக்கு நோயென்றால் முதலில் தமக்குச் சொல்ல வேண்டும் என்பது. அதனையே குழுவின் முதல் விதியாக எழுதிக்கொண்டோம். இன்னும் மூன்று வீடுகள் வேண்டும். அன்பர்கள் முன்வருவாராக.